கடலுக்கு வேலி போடும் கையெழுத்து

அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்தில் பழங்குடியினரின் பழைய கல்வீடுகளைத் தோண்டிப் பானைகளையும் எலும்புகளையும் அள்ளிக்கொண்டு போனவர்களைத் தடுக்க 1906-இல் ஒரு சட்டம் வந்தது. தொல்பொருள் சட்டம் என்று அதற்குப் பெயர். கூட்டரசின் நிலத்தில் இருக்கும் வரலாற்று, அறிவியல் மதிப்புள்ள பொருள்களை அதிபர் ஒரு பிரகடனத்தின் மூலம் ‘தேசிய நினைவுச்சின்னம்’ என்று அறிவிக்கலாம் என்றது அது. நூற்றுப்பத்து ஆண்டுகள் கழித்து, 2016-இல், அதே சட்டத்தின் அதே பிரிவைக் கொண்டு பசிபிக் பெருங்கடலில் 15 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு வணிக மீன்பிடிப்புக்கும் சுரங்கத்துக்கும் மூடப்பட்டது. தமிழ்நாட்டின் பரப்பைப் போல் பதினோரு மடங்குக்கும் மேல்.

அந்தக் கடல் காக்கப்பட வேண்டியதுதான். ஹவாய்ப் பகுதியின் ஆழத்தில் எடுத்த கருப்புப் பவளம் ஒன்றின் வயது 4,000 ஆண்டுகளுக்கு மேல் என்று 2009-இல் கணித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட உயிரை ஒரு இழுவலை ஒரே இழுப்பில் முடித்துவிடும். ஆனால் யாரையும் கேட்காமல், யாருக்கும் காரணம் சொல்லாமல் ஒரு கையெழுத்தால் கடலை மூடும் அதிகாரத்தைக் காலவரையின்றி நம்பலாமா என்பது வேறு கேள்வி. 2015 முதல் அமெரிக்க நீதிமன்றங்களிலும் பன்னாட்டுத் தீர்ப்பாயம் ஒன்றிலும் இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்களைச் சேர்த்துப் படித்தால், அதிகாரத்துக்குச் சட்டம் போடும் தடைகள் கடலுக்கு எதிரி அல்ல, பாதுகாப்பை நிலைக்க வைப்பவையே அவைதான் என்ற முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

இரவல் அதிகாரம்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கூட்டரசின் நிலத்தையும் உடைமைகளையும் பற்றி விதி செய்யும் அதிகாரத்தை அமெரிக்க அரசமைப்பு அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசுக்கே கொடுத்திருக்கிறது. நிலத்தையோ கடலையோ ஒதுக்கிவைக்க அதிபருக்குத் தன்னளவில் உரிமை கிடையாது. தொல்பொருள் சட்டம் காங்கிரஸ் அவருக்குக் கொடுத்த இரவல். இரவல் வாங்கியவர், கொடுத்தவர் சொன்ன நிபந்தனைக்கு உட்பட்டே அதைப் பயன்படுத்த முடியும்.

நிபந்தனைகள் மூன்று. காக்கப்படுவது ஒரு ‘பொருளாக’ இருக்க வேண்டும். அது அமெரிக்க அரசுக்குச் சொந்தமான அல்லது அரசின் கட்டுப்பாட்டில் உள்ள நிலத்தில் இருக்க வேண்டும். ஒதுக்கும் பரப்பு, அப்பொருளைச் சரிவரப் பேணுவதற்குப் போதுமான மிகச் சிறிய பரப்பாக இருக்க வேண்டும்.

சட்டத்தில் கையெழுத்திட்ட தியோடர் ரூஸ்வெல்ட்டே இந்தச் சொற்களை நீட்டத் தொடங்கிவிட்டார். 1906 செப்டம்பரில் வயோமிங்கில் ஒரு தனிப்பாறையில் ஆரம்பித்தவர், 1908 ஜனவரியில் கிராண்ட் கேன்யனில் 8 லட்சம் ஏக்கருக்கு மேல் நினைவுச்சின்னமாக அறிவித்தார். அங்கே சுரங்க உரிமை கோரிப் பள்ளத்தாக்கில் இறங்கும் பாதைக்குச் சுங்கம் வசூலித்துக்கொண்டிருந்த ரால்ஃப் கேமரூன் வழக்காடினார். கிராண்ட் கேன்யனே அறிவியல் மதிப்புள்ள ஒரு பொருள்தான் என்று 1920-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பானைக்காக எழுதிய சொல்லுக்குள் ஒரு முழுப் பள்ளத்தாக்கு அடங்கியது.

தண்ணீர் இந்தச் சட்டத்துக்குள் வந்த கதை இதைவிட நுணுக்கமானது. நெவாடாவில் டெவில்ஸ் ஹோல் என்ற சுண்ணாம்புக் குகையில் வெதுவெதுப்பான நீர் நிற்கும் ஒரு குட்டை இருக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத, ஒரு அங்குல நீளமே வளரும் மீன் இனம் ஒன்று அந்தக் குட்டையில் வாழ்கிறது. நீரின் விளிம்பில் சாய்ந்திருக்கும் ஒரு பாறைத் திட்டின்மேல் ஆழமில்லாத நீர் நிற்க வேண்டும். அங்கேதான் அது முட்டையிடும். குகையைச் சுற்றி 40 ஏக்கரை அதிபர் ட்ரூமன் 1952-இல் ஏற்கெனவே இருந்த ஒரு நினைவுச்சின்னத்தோடு சேர்த்தார். பின்னர் நாலைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு பண்ணைக்காரர் குடும்பம் ஆழ்கிணறு போட்டு நீர் இறைக்க, குட்டை இறங்கியது. குகைச் சுவரில் ஒரு செப்பு வளையம் பதித்திருந்தார்கள். நீர்மட்டம் வழக்கமாக அந்த வளையத்துக்கு 1.2 அடி கீழே நிற்கும். 1972-இல் அது 3.93 அடி கீழே போய்விட்டது. பாறைத் திட்டின் பெரும்பகுதி வெளியே தெரிந்தது.

1976-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மீனின் பக்கம் நின்றது. குட்டையும் மீனும் சட்டம் சொல்லும் பொருள்களே என்றது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் சொன்னது: மீன் பிழைக்க எவ்வளவு நீர் வேண்டுமோ அவ்வளவே அரசுக்கு, அதற்கு மேல் உள்ள நீரை இறைக்கத் தடை இல்லை. செப்பு வளையத்திலிருந்து எத்தனை அடி என்று அளந்து உத்தரவிட முடிந்தது. அரசின் அதிகாரமும் பண்ணைக்காரரின் உரிமையும் ஒரே அளவுகோலில் வந்து நின்றன. ‘மிகச் சிறிய பரப்பு’ என்ற நிபந்தனையை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் அந்தச் சட்டத்தின் வரலாற்றில் எனக்குத் தெரிந்து இல்லை. கடலுக்கு வந்தபோது அந்த அளவுகோல் கைவிடப்பட்டது.

கடல் நிலமாகுமா?

கரையோரக் கடலடி விஷயத்தில் நீதிமன்றங்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை. கலிஃபோர்னியாவின் சேனல் தீவுகள் பற்றிய 1978 வழக்கிலும் அலாஸ்காவின் கிளேசியர் விரிகுடா பற்றிய 2005 வழக்கிலும் நீரடி நிலத்தையும் இச்சட்டத்தின்படி ஒதுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சிக்கல் 12 கடல் மைலுக்கு அப்பால்தான் தொடங்குகிறது. அங்கிருந்து 200 கடல் மைல் வரை உள்ள தனிப் பொருளாதார மண்டலத்தை 1983 மார்ச்சில் அதிபர் ரீகன் ஒரு பிரகடனத்தால் அமெரிக்காவுக்கு உரியதாக்கினார். அந்த மண்டலத்தில் ஒரு நாட்டுக்கு முழு இறையாண்மை இல்லை. மீன், எண்ணெய், கனிமம் போன்ற வளங்கள்மேல் உரிமை உண்டு. கடல் சூழலைக் காக்கும் அதிகாரம் உண்டு. பிற நாட்டுக் கப்பல்கள் அதன் வழியே போவதைத் தடுக்க முடியாது. அதை ‘அரசின் கட்டுப்பாட்டில் உள்ள நிலம்’ என்று சொல்ல முடியுமா?

முடியாது என்று ஒரு நீதிமன்றம் சொல்லியிருந்தது. 1622-இல் ஃபுளோரிடாவுக்கு அருகே புயலில் மூழ்கிய ஸ்பானியக் கப்பல் அடோச்சா, வெள்ளியும் பொன்னுமாகக் கடலடியில் கிடந்தது. புதையல் தேடி மெல் ஃபிஷரின் ஆட்கள் அதைக் கண்டெடுத்ததும் அமெரிக்க அரசு தொல்பொருள் சட்டத்தைக் காட்டிச் சொந்தம் கொண்டாடியது. கண்டத்திட்டின்மேல் அரசுக்கு உள்ள அதிகாரம் இயற்கை வளங்களுக்கு மட்டும்தான், மூழ்கிய கப்பலுக்கு அது செல்லாது என்று 1978-இல் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் கோரிக்கையைத் தள்ளியது.

கிளின்டன் ஆட்சியின் கடைசி மாதங்களில் நீதித்துறையின் சட்ட ஆலோசனை அலுவலகம் வேறு கருத்து எழுதியது. காக்கப் போவது பவளமும் மீனும் என்றால், அவற்றின்மேல் அரசுக்கு இருக்கும் கட்டுப்பாடு போதுமானது என்றது. அந்தக் கருத்து கையில் இருந்தும் கிளின்டன் ஹவாயில் அதைப் பயன்படுத்தவில்லை. 2000 டிசம்பரில் வடமேற்கு ஹவாய்த் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைக் காப்பகம் ஒன்றை அறிவித்து, கடல் சரணாலயச் சட்டத்தின்படி முழு நடைமுறையையும் தொடங்கச் சொன்னார்.

அந்த நடைமுறை நீளமானது. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை எழுத வேண்டும். பாதிக்கப்படும் ஊர்களில் கூட்டம் நடத்த வேண்டும். மீன்பிடி விதியை முதலில் எழுதிப் பார்க்கும் வாய்ப்பை வட்டார மீன்வள மன்றத்துக்குக் கொடுக்க வேண்டும். கடைசியில் காங்கிரசின் பார்வைக்கு 45 நாள் வைக்க வேண்டும். ஹவாயில் ஆறு ஆண்டுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கூட்டங்கள் நடந்தன. 50,000-க்கும் மேல் கருத்துகள் வந்தன. 2006 ஏப்ரலில் ழான் மிஷேல் கூஸ்தோ அந்தத் தீவுகளைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தை ஜார்ஜ் புஷ் வெள்ளை மாளிகையில் பார்த்தார். ஜூன் 15-ஆம் தேதி, மீதி நடைமுறையைத் தாண்டி, தொல்பொருள் சட்டத்தின்கீழ் 3.6 லட்சம் சதுர கிலோமீட்டரை ஒரே பிரகடனத்தில் நினைவுச்சின்னமாக்கினார். இன்று பாப்பஹானௌமொகுவாகேயா என்ற ஹவாய்ப் பெயரால் அது அறியப்படுகிறது. வழி திறந்துவிட்டது. புஷ் 2009-இல் மரியானா அகழி உட்பட மூன்றை அறிவித்தார். ஒபாமா 2014-இல் பசிபிக்கின் தொலைதூரத் தீவுகளைச் சுற்றிய பரப்பை 12 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேலாகவும், 2016-இல் பாப்பஹானௌமொகுவாகேயாவை 15 லட்சமாகவும் விரித்தார்.

சிங்கி இறால்காரர்கள் தோற்ற வழக்கு

அதே 2016 செப்டம்பரில் ஒபாமா அட்லாண்டிக்கிலும் ஒன்றை அறிவித்தார். கேப் காட் முனைக்குத் தென்கிழக்கே 200 கிலோமீட்டருக்கு அப்பால் மூன்று கடலடிப் பள்ளத்தாக்குகள், நான்கு கடலடி மலைகள். சுமார் 12,700 சதுர கிலோமீட்டர். வணிக மீன்பிடிப்புக்குத் தடை. சிங்கி இறாலுக்கும் செந்நண்டுக்கும் கூண்டு போடுகிறவர்களுக்கு மட்டும் ஏழாண்டு அவகாசம்.

பரப்பில் இது பசிபிக் நினைவுச்சின்னங்களுக்குக் கால்தூசி. ஆனால் பசிபிக்கில் ஆளில்லாத தீவுகள். இங்கே தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்யும் மீனவர்கள் இருந்தார்கள். மாசசூசெட்ஸ் சிங்கி இறால் மீனவர் சங்கமும் வேறு சில சங்கங்களும் 2017-இல் வழக்குத் தொடுத்தன. கடல் நிலமல்ல, பொருளாதார மண்டலம் அரசின் கட்டுப்பாட்டில் இல்லை, பரப்பு மிகப் பெரிது என்று மூன்று வாதங்கள்.

முதல் இரண்டும் நிற்கவில்லை. கட்டுப்பாடு என்றால் போட்டியில்லாத முழுக் கட்டுப்பாடாக இருக்க வேண்டியதில்லை, அந்த மண்டலத்தில் அரசுக்கு உள்ள அதிகாரமே போதும் என்று 2019 டிசம்பரில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கடல் சரணாலயச் சட்டம் இருப்பதால் பழைய சட்டம் கடலை விட்டு விலகிவிடாது, இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்றும் சொன்னது. என் பார்வையில் இவை சரியான முடிவுகள். மீனுக்கும் பவளத்துக்கும் சட்டம் செய்ய அரசுக்கு அதிகாரம் உண்டென்றால் அவற்றைக் காக்கவும் அதிகாரம் உண்டு.

மூன்றாவது வாதம் தோற்ற விதம்தான் உறுத்துகிறது. பரப்பு பெரிது என்று பொதுவாகச் சொன்னால் போதாது, எந்த எல்லைக்கோடு எந்தப் பொருளுக்குத் தேவையில்லாமல் நீண்டிருக்கிறது என்று மீனவர்கள் உண்மைகளோடு காட்டியிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். வழக்குச் சட்டப்படி இதில் பிழையில்லை. ஆனால் நடைமுறையில் இதன் பொருள் என்ன? கோடு போட்டவர் ஏன் அங்கே போட்டார் என்று எழுத வேண்டியதில்லை. கோட்டால் தொழிலிழந்தவர், ஆழ்கடல் உயிரியலாளர்களை அமர்த்தி, அது தப்பென்று காட்ட வேண்டும். நெவாடாக் குகையில் அரசு ஒரு செப்பு வளையத்தைக் காட்டிப் பேசியது. அட்லாண்டிக்கில் வளையத்தைத் தேடிக் கொண்டுவரும் வேலை இறால் பிடிப்பவர் தலையில் விழுந்தது.

வழக்கை விசாரிக்க 2021 மார்ச் 22 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. மறுப்போடு தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். மிகச் சிறிய பரப்பு என்ற நிபந்தனை இப்போது எந்தத் தடையாகவும் இல்லாமல் போய்விட்டது. பழம்பொருளுக்காகக் கொடுத்த அதிகாரம் நிலத்திலும் நீரடியிலும் பரந்த வெளிகளை ஒதுக்கும் எல்லையற்ற அதிகாரமாகிவிட்டது என்பது அதன் சாரம். இதைவிடக் கடுமையான நடைமுறை கொண்ட வேறு சட்டங்கள் கடலைக் காக்க இருப்பதையும் சுட்டிக்காட்டினார். பொருத்தமான வழக்கு வந்தால் கவனிப்போம் என்ற தொனி அதில் தெளிவாக இருந்தது. சூழல் ஆர்வலர்கள் பலர் இக்குறிப்பை ஒரு அச்சுறுத்தலாகவே படித்தார்கள். பாதுகாப்புக்கு எதிரானவர்கள் இதை ஆயுதமாக்குவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. இருந்தும் ராபர்ட்ஸ் கேட்டது கேட்கப்பட வேண்டிய கேள்வி என்றே நினைக்கிறேன்.

எழுதிய கையே அழிக்கும்

அந்தக் கேள்விக்கு விடை இல்லாததன் விலையைக் கடலே கொடுத்தது. டிரம்ப் 2020 ஜூனில் அட்லாண்டிக் நினைவுச்சின்னத்தில் மீன்பிடித் தடையை நீக்கினார். பைடன் 2021 அக்டோபரில் திரும்பப் போட்டார். 2025 ஏப்ரல் 17 அன்று டிரம்ப் பசிபிக்கின் தொலைதூரத் தீவுகளைச் சுற்றி, கரையிலிருந்து 50 முதல் 200 கடல் மைல் வரை, வணிக மீன்பிடிப்பை அனுமதித்தார். நூறாண்டில் அங்குலம் அங்குலமாக வளரும் உயிர்களின் பாதுகாப்பு நான்காண்டுக்கு ஒருமுறை தேர்தலோடு மாறியது.

ஒரு அதிபர் அறிவித்ததை இன்னொருவர் நீக்க முடியுமா? அறிவிக்கலாம் என்று மட்டுமே சட்டம் சொல்கிறது. நீக்குவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. 1938-இல், சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் பழைய கோட்டை ஒன்றைப் பற்றிய கேள்விக்குப் பதிலாக, அப்போதைய தலைமை வழக்கறிஞர் ஹோமர் கம்மிங்ஸ் முடியாது என்று கருத்துச் சொன்னார். 2025 ஜூனில் வெளியான புதிய கருத்தில் நீதித்துறை அதைத் தலைகீழாக்கி, முடியும் என்றது. உச்ச நீதிமன்றம் இன்னும் பதில் சொல்லவில்லை. எண்ணெய் எடுப்பதிலிருந்து கடலடியை விலக்கிவைக்க அதிபருக்கு அதிகாரம் தரும் வேறொரு சட்டத்திலும் இதே புதிர் உண்டு. ஒபாமா விலக்கியதை டிரம்ப் திரும்பத் திறந்தது செல்லாது என்று 2019-இல் அலாஸ்கா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு முடிவதற்குள் பைடன் வந்துவிட, தீர்ப்பே நீக்கப்பட்டது.

இந்த இழுபறியில் 2025 ஆகஸ்ட் 8 அன்று ஹவாயில் வந்த தீர்ப்பை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். ஏப்ரல் பிரகடனம் வந்து சில நாளில் கடல்மீன்வளத் துறை உரிமம் வைத்திருக்கும் படகுகளுக்கு ஒரு கடிதம் அனுப்பியது: இனி அங்கே மீன் பிடிக்கலாம். நீண்ட கயிற்றில் ஆயிரக்கணக்கில் தூண்டில் கட்டிச் சூரை பிடிக்கும் படகுகள் உள்ளே போயின. ஹவாய்ப் பூர்வகுடியினர் அமைப்பும் சூழல் அமைப்புகளும் வழக்குப் போட்டன. நீதிபதி மைக்கா ஸ்மித் அதிபரின் பிரகடனம் செல்லுமா என்ற பெரிய கேள்விக்குள் போகவே இல்லை. அந்தப் பரப்பில் மீன்பிடிப்பைத் தடுத்தது ஒபாமாவின் பிரகடனம் மட்டுமல்ல. அதைத் தொடர்ந்து மீன்வளத் துறை முறைப்படி எழுதிய விதியும்கூட. முறைப்படி எழுதிய விதியை மக்களிடம் கருத்துக் கேட்டுத்தான் நீக்க முடியும். ஒரு கடிதத்தால் முடியாது. கடிதம் ரத்தானது.

கடலைக் காத்தது அதிபரின் கையெழுத்தா, மக்களிடம் கேட்காமல் நீக்க முடியாத அந்தச் சாதாரண விதியா என்று பார்த்தால் விடை கண்முன் இருக்கிறது. 2025 ஜனவரியில் பாப்பஹானௌமொகுவாகேயாவின் கடற்பரப்பு கடல் சரணாலயச் சட்டத்தின்கீழும் சரணாலயமானது. கிளின்டன் தொடங்கிய வேலை கால் நூற்றாண்டு கழித்து முடிந்தது. பிரகடனம் நாளை போனாலும் அங்கே சரணாலயம் இருக்கும். அதை நீக்க நினைப்பவர் எல்லாக் கூட்டங்களையும் மறுபடி நடத்தியாக வேண்டும்.

சாகோஸ்: கேட்க வேண்டியவரைக் கேட்காமல்

அதிகாரத்துக்கு உள்நாட்டில் தடை இல்லாதபோது எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நம் இந்தியப் பெருங்கடலிலேயே ஒரு சாட்சி உண்டு. மாலத்தீவுக்குத் தெற்கே உள்ள சாகோஸ் தீவுக்கூட்டத்தை 1965-இல் பிரிட்டன் மொரீஷியசிலிருந்து பிரித்தது. அவற்றில் ஒன்றான டியகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் அமைக்க, 1968 முதல் 1973 வரை தீவு மக்கள் அத்தனை பேரும் வெளியேற்றப்பட்டார்கள். 2010 ஏப்ரல் 1 அன்று பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபாண்ட் தீவுகளைச் சுற்றிச் சுமார் 6.4 லட்சம் சதுர கிலோமீட்டர் கடலை மீன்பிடித் தடைப் பகுதியாக அறிவித்தார். உலகச் சூழல் அமைப்புகள் பல பாராட்டின.

அதே ஆண்டு இறுதியில் விக்கிலீக்ஸ் வெளியிட்ட அமெரிக்கத் தூதரகச் செய்தி ஒன்றில், கடல் காப்பகம் வந்துவிட்டால் தீவு மக்கள் திரும்பக் குடியேறக் கேட்கும் உரிமை நடைமுறையில் முடிந்துவிடும் என்று பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் சொன்னதாக இருந்தது. பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் அதைக் கொண்டு காப்பகத்தைச் செல்லாததாக்கவில்லை; உச்ச நீதிமன்றமும் 2018-இல் தீவு மக்களின் முறையீட்டைத் தள்ளியது. தடை வெளியிலிருந்து வந்தது. ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின்கீழ் மொரீஷியஸ் தொடுத்த வழக்கில் 2015 மார்ச் 18 அன்று தீர்ப்பாயம் பிரிட்டன் ஒப்பந்தத்தை மீறியது என்று அறிவித்தது. மொரீஷியசுக்கு அங்கே மீன்பிடி உரிமை தொடரும், தளம் தேவையில்லாதபோது தீவுகள் திரும்பத் தரப்படும் என்று 1965-இல் கொடுத்த வாக்கு இன்றும் கட்டுப்படுத்தும். அந்த நாட்டோடு முறையாகக் கலந்தாலோசிக்காமல் காப்பகம் அறிவித்தது தவறு. தளம் வைத்திருக்கும் அமெரிக்காவோடு பிரிட்டன் எவ்வளவு அக்கறையாகப் பேசியது என்பதையும், மொரீஷியசோடு எப்படிப் பேசியது என்பதையும் தீர்ப்பாயம் அருகருகே வைத்துக் காட்டியது. கடலைக் காப்பது நல்ல நோக்கம் என்பதால் மட்டும் ஒரு முடிவு சட்டப்படியானதாகிவிடாது என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை.

நம் கடலில்

இந்தச் செய்திகளைத் தமிழில் எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், 1991 திருத்தத்தில் சேர்ந்த 26-ஏ பிரிவு அமெரிக்கச் சட்டத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறது. எல்லைக்கடலின் ஒரு பகுதியை மாநில அரசு சரணாலயத்தில் சேர்க்க வேண்டுமானால் மத்திய அரசின் ஒப்புதல் பெற வேண்டும். கடற்படையின் தலைமை நீர்ப்பரப்பு அளவையாளரோடு கலந்து எல்லை வகுக்க வேண்டும். உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்கப் போதிய ஏற்பாடு செய்த பிறகே வகுக்க வேண்டும். தேசியப் பூங்காவுக்கும் இது பொருந்தும். பிறகு எல்லையை மாற்றுவதென்றால் தேசிய வன உயிரின வாரியத்தின் பரிந்துரை வேண்டும். வாஷிங்டனில் வாதாடிய மீனவர்கள் கேட்டதும் ஹவாய்க்காரர்கள் கேட்டதும் இங்கே எழுத்தில் இருக்கிறது.

ஆனால் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 21 தீவுகளும் 560 சதுர கிலோமீட்டருமாக, 1986-இலேயே வந்துவிட்டது. மீனவர் நலனைச் சொல்லும் பிரிவு ஐந்து ஆண்டு பிந்தி வந்தது. தீவோரங்களில் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைத்த ராமநாதபுரத்துப் பெண்கள் அந்த இடைவெளியின் விளைவை இன்றுவரை அனுபவிக்கிறார்கள். பூங்காவுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்தத் தீவுகளில் இரண்டு ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன, பவளப்பாறையை வெட்டியெடுத்ததும் அதற்கு ஒரு காரணம். பாறையை வெட்டியவர் வேறு, பாசி எடுத்தவர் வேறு என்று பிரித்துப் பார்க்கும் கடமை எல்லைக்கோடு போட்டவருக்கு இருந்தது.

2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் ஆவுளியா எனும் கடற்பசுவுக்காக 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இது 36-ஏ பிரிவின்கீழ் வருவது. உள்ளூர் மக்களைக் கலந்தே அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதையடுத்த 36-பி பிரிவு, காப்பகத்துக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்று பட்டியலிடுகிறது. வனத்துறை, கிராம ஊராட்சிகள், தன்னார்வ அமைப்புகள், வேளாண்மைத் துறை, கால்நடைத் துறை. மீன்வளத் துறையின் பெயர் அதில் இல்லை. காட்டோரக் கிராமத்தை மனதில் வைத்து எழுதிய பட்டியல் கடலுக்கு அப்படியே வந்துவிட்டது.

12 கடல் மைலுக்கு அப்பால் நிலைமை இன்னும் மோசம். வன உயிரினச் சட்டத்தின் சரணாலயம் அங்கே எட்டாது. அங்கே இருப்பது 1976-இன் கடல் மண்டலங்கள் சட்டம். அதன் 7-ஆம் பிரிவின் 6-ஆம் உட்பிரிவு, தனிப் பொருளாதார மண்டலத்தின் எந்தப் பகுதியையும் மத்திய அரசு அரசிதழ் அறிவிப்பால் குறிப்பிட்ட பகுதியாக அறிவித்து, கடல் சூழலைக் காக்கத் தான் தேவையென்று கருதும் ஏற்பாடுகளைச் செய்யலாம் என்கிறது. பரப்புக்கு வரம்பு அந்த உட்பிரிவில் இல்லை. மீனவர் என்ற சொல்லும் இல்லை. யாரைக் கலக்க வேண்டும் என்ற பேச்சும் இல்லை.

2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் உலக நாடுகள், 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாப்பதென்று இலக்கு வைத்தன. இந்தியாவும் அதில் உண்டு. காலக்கெடு நெருங்க நெருங்க, வரைபடத்தில் பெரிய கட்டம் ஒன்றைப் போட்டுக் கணக்குக் காட்டும் ஆசை எந்த அரசுக்கும் வரும். ஆழ்கடலில் சூரை தேடிப் போகும் தூத்தூர் மீனவர் அந்தக் கட்டத்தைப் பற்றி அரசிதழில் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலை வரக்கூடாது. 26-ஏ பிரிவில் இருக்கும் மீனவர் நலன் பற்றிய அந்த ஒரு வரியையும், ஒவ்வொரு எல்லைக்கோட்டுக்கும் காரணம் எழுத வேண்டும் என்ற கடமையையும், கடல் மண்டலங்கள் சட்டத்தின் அந்த உட்பிரிவில் நாடாளுமன்றம் இப்போதே சேர்க்க வேண்டும். அதை முதலில் கேட்க வேண்டியவர்கள் கடற்கரைத் தொகுதிகளின் உறுப்பினர்கள்.